திரைக்குள் வெயில்

எந்த மென்பொருள் வகுப்பில் சேர்வது என்று இன்று மாலைக்குள் அக்கா சொல்லியாக வேண்டும். பத்து வருடமாகக் கட்டட வரைபடம் போடுகிற கை; இனி கட்டாத வீட்டைக் கண்முன் காட்டினால்தான் வேலை நிலைக்கும். வெளியே மழை. மேசைமேல் இரண்டு திரைகள். இரண்டிலும் அக்காவும் தங்கையும் இருக்கும் இதே அறை. ஒன்றில், ஸ்கெட்ச்அப் என்ற மென்பொருளில், சுவர்கள் இழுத்த இழுப்புக்கு எழுந்துவிட்டன. மற்றதில், பிளெண்டர் மென்பொருளில், ஒரு நாற்காலிக்கே இரண்டு நாள் ஆயிற்று. ஆனால் அதில் திரைச்சீலை வழியே வெயில் கசிந்து, தரையில் மெல்லப் படர்ந்து கிடக்கிறது. "சட்டுனு வர்றதைப் படிச்சுக்கோக்கா. இதோட எதுக்கு மாரடிக்கிறே?" என்று பிளெண்டர் திரைப் பக்கம் குனிந்த தங்கை, அப்படியே நிற்கிறாள். அவள் உள்ளங்கை தானாக நீண்டு, அந்த வெயில்மேல் பதிகிறது. "என்னடி?" "சுடுமோன்னு பார்த்தேன்," என்று அசடு வழிகிறாள். அக்கா வகுப்பில் சேரும் படிவத்தை இழுத்து, பிளெண்டருக்கு நேரே டிக் அடிக்கிறாள்.