ஒரே ஒரு தப்பு

இருமல் சத்தத்தைக் கேட்டே காசநோயைக் கண்டுபிடிக்கக் கணினியைப் பழக்குவதுதான் இசைப்பிரியாவின் ஆராய்ச்சி. நெய்வேலி குவார்ட்டர்ஸில் உட்கார்ந்தபடி, பண்ருட்டிப் பக்கத்து நோயாளிகளின் இருமலோடு, நோயில்லாத சிலரின் இருமலையும் கலந்து கொடுத்தாள். கணினி கச்சிதமாகப் பிரித்துக் காட்டியது. ஒரே ஓர் ஆளிடம் மட்டும் சறுக்கியது.

"நல்லா இருக்கிற ஒருத்தரை நோயாளின்னே சொல்லுது சார். எவ்வளவு திருத்தினாலும் அதே பிடிவாதம்," என்று போனில் பேராசிரியரிடம் எரிச்சல்பட்டாள்.

"அந்தப் பதிவை அனுப்பும்மா. டாக்டர்கிட்ட காட்டுறேன்."

மறுநாள் அவரே கூப்பிட்டார். குரலில் வழக்கமான உற்சாகம் இல்லை.

"அந்த ஆளுக்குச் சளி டெஸ்ட் எடுத்தியா?"

"அவருக்கு எதுக்கு சார்? நான் கேட்டேன்னு சிரிச்சுக்கினே இருமி நடிச்சுக் காட்டினாரு."

"நல்லா இருக்காருன்னு உனக்கு யாரு சொன்னா?"

இசைப்பிரியா அந்தப் பதிவை மறுபடி ஓடவிட்டாள்.

"டாக்டருக்கும் சந்தேகமா இருக்கு. இன்னைக்கே டெஸ்ட் எடுக்கச் சொல்லு. அவர் வீட்டுல சின்னக் குழந்தை இருந்தா கிட்ட விட வேணாம்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். ஷிப்ட் முடிந்து வந்திருந்த அவள் கணவன் அறிவுச்செல்வன், கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வாசற்படியில் நின்றிருந்தான்.

"இன்னா, உன் கம்ப்யூட்டருக்கு இன்னொரு வாட்டி இருமணுமா?"

குழந்தையை வாங்க அவள் கையை நீட்டுவதற்குள் அவனுக்கு இருமல் வந்துவிட்டது.

இந்த முறை அவன் நடிக்கவில்லை.