செங்கமலம் வைத்த புள்ளி

ஒரு ஆம்புலன்ஸ் செயலிக்குள் புதுப் பக்கமும் பழைய வரைபடமும் ஒன்றாகக் குடியிருந்தன. பிரசவ வலியில் இருந்த செங்கமலம் வரைபடத்தில் தன் வீட்டைத் தொட்டாள். அங்கே ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. திரையின் மேலே இருந்த கடிகாரத்தில் ஒரு நிமிடம் மாறியதும், புதுப் பக்கம் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக வரைந்தது. புள்ளி, செயலி திறந்ததும் முதலில் காட்டும் பேருந்து நிலையத்துக்கே போய்விட்டது.

"ஏன்டி தங்கச்சி, மணி மாறினா என்னையுமா துடைப்பே?" என்றது வரைபடம்.

"எப்படி இருக்கணும்னு சொன்னா அப்படியே வரைவேன் அக்கா. உன்ன மாதிரி ஒவ்வொரு அடியும் சொல்லச் சொல்லச் செய்ய எனக்கு வராது."

"அவ தொட்ட இடத்தை என்கிட்ட கேட்டியா?"

"நீயாவது சொன்னியா?"

செங்கமலம் மறுபடி தன் வீட்டைத் தொட்டாள். வரைபடம் உடனே இடத்தைச் சொன்னது, புதுப் பக்கம் அதைக் குறித்துக்கொண்டது. மணி மாறியது. பக்கம் எல்லாவற்றையும் புதிதாக வரைந்தும் புள்ளி அவள் வாசலிலேயே நின்றது. ஆம்புலன்ஸ் வண்டி அவள் தெருவுக்குத் திரும்பியது.