விரல் கணுக்களில் மருதாணி

"எந்த நோம்பிக்குப் புள்ள இத்தனை மருதாணி?"

"சும்மா, ஆசைக்குத்தானுங்க்கா."

"ஆசை உள்ளங்கையிலதானே வரும்? உனக்கு விரல் கணுவுல மட்டும் வந்திருக்குது."

பனியன் கம்பெனி வாசலில் ஸ்கேன் மெஷின் வைத்துத் தொழிலாளர்களின் கைகளைப் படமெடுக்கும் நர்ஸ் பூர்ணிமா இப்படிக் கேட்டதும், டெய்லர் சிந்துஜா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

முடக்குவாதம் மூட்டுக்குள் நுழைந்ததுமே அந்த மெஷின் பார்த்துவிடும். உடனே மருந்து தொடங்கினால் விரல்கள் தப்பிக்கும். ஆனால் நோய் பதிவானால் கம்பெனி அன்றைக்கே தையலிலிருந்து நிறுத்திவிடும். மருதாணி பூசினால் படம் கலங்கும் என்பது எப்படியோ எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒரு வாரமாக வந்த கைகளெல்லாம் சிவப்பு. எது ஆசை, எது பயம் என்று பூர்ணிமாவுக்குத் தெரியவில்லை.

சிந்துஜா கையை வைத்தாள். திரையில் வெறும் கலங்கல்.

"சரி, அழிஞ்சப்புறம் வா."

சிந்துஜா தன் டிபன் டப்பாவை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே இடுக்கித் தூக்கினாள்.

"நில்லு. விரலை மடக்கு."

விரல்கள் பாதியிலேயே நின்றன.

"காலையில மட்டுந்தானுங்க்கா இப்படி. போகப் போகச் சரியாயிரும்."

"ஆகாது புள்ள. இப்பவே மருந்தைத் தொடங்கினாக் கை பிழைச்சுக்கும்."

"தையலை விட்டுட்டு, பிழைச்ச கையை வெச்சுட்டு நான் என்னங்க்கா பண்றது?"

பின்னால் வரிசை முணுமுணுத்தது. மெஷினில் 'நோய் உண்டு' என்று பதியும் பொத்தானுக்கு மேலே பூர்ணிமாவின் விரல் அசையாமல் நின்றது.

சிந்துஜா குரலைத் தாழ்த்தினாள். "மெஷினுக்குத் தெரியலீங்கல்ல. நீங்க கண்ணால பார்த்ததை அதுல ஏத்திராதீங்க்கா."