வெள்ளை ஜாக்கெட்

டென்மார்க்கின் சில்க்போர்க்கில் மே மாதத்துச் சனிக்கிழமை மத்தியானம். கராஜுக்குள் மின்னடுப்பை வைத்து, கதவைப் பாதி திறந்துவிட்டு, செசிலியா கறித்தூளுக்கு மல்லி வறுக்கிறாள். வாசல் வெளிச்சத்தில் அவளுடைய தமையன் பெண்சாதி ஷர்மினி நிற்கிறாள். கப்பல் சுற்றுலா போய்வந்த வெயிலில் கறுத்திருக்கிறாள். அந்தக் கறுப்பும் அவளுக்கு வடிவாகத்தான் இருக்கிறது, அதுதான் எரிச்சல். "எண்பது பேர்தான் மச்சாள், சின்னக் கப்பல். இந்தோனேசியாவிலை ஒவ்வொரு நாளும் ஒரு தீவு. சாதிக்காயை மரத்திலையே தொட்டுப் பாத்தன்," என்று ஃபோனில் படங்களை நீட்டுகிறாள். செசிலியா அகப்பையை நிறுத்தாமலே கேட்கிறாள்: "சோறு குடுத்தவங்களோ?" "ஓம், கேட்டதெல்லாம் குடுத்தவங்கள்." ரிபன் கட்டிய பெட்டிக்குள் ஒரேயொரு சாதிக்காய் மேசையில் இருக்கிறது, ஷர்மினி கொண்டுவந்த பரிசு. அதற்குப் பக்கத்தில் செசிலியாவின் சாதிக்காய், போத்தல் நிறைய. வறுக்கிற நாளில் யார் வந்தாலும் செசிலியா முதலில் சொல்வது, "ஜாக்கெட்டைக் காருக்குள்ளை வச்சிட்டு வாங்கோ" என்பதுதான். மிளகாய்ப் புகை துணியில் ஏறினால், தோய்த்தாலும் ஒரு கிழமைக்குப் போகாது. ஷர்மினி சட்டைக்கு மேலே போட்டிருப்பது கப்பலுக்கென்று வாங்கிய வெள்ளை ஜாக்கெட்; திங்கட்கிழமை அதோடுதான் வேலைக்குப் போவாளாம். இன்றைக்குச் செசிலியா அதைச் சொல்லவில்லை. மல்லியை இறக்கிவிட்டு, செத்தல் மிளகாயை இரண்டு கையாலும் அள்ளித் தாச்சியில் போடுகிறாள். "அங்கை நிண்டு காட்டினா வடிவாத் தெரியேல்லை மச்சாள்," என்கிறாள். "கிட்ட வாங்கோ."