முழுசா காஞ்சாத்தான்

சருகாகிப்போன சோளப்பயிருக்கு நடுவே உட்கார்ந்து அவள் ஒப்பாரி வைத்தாள். "பெத்த பிள்ளை மாதிரி வளர்த்தோமே சார்! கண்ணு முன்னாலயே கருகிப்போச்சே!" ஒரு கை மார்பில் அடித்துக்கொண்டது. மறு கை இடுப்பில் முடிந்திருந்த சேலை முடிச்சை விடவே இல்லை.

வறட்சி நிவாரணத்துக்காகச் சோளக்காட்டைப் பார்க்க வந்த விவசாய அதிகாரியே முகத்தைத் துடைக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவள் புருஷன் வரப்பில் நின்றான். வேலியோரம் நாலு வரிசை மட்டும் பச்சை. குடம் குடமாய்க் கிணற்றில் இறைத்து அவன் காப்பாற்றியது. உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து கிடந்தன, பாவம்.

"இது என்ன பச்சை?" என்றார் அதிகாரி.

"அதை ஏன் கேக்கறீங்க!" மூக்கைச் சிந்தினாள் அவள். "போற உசுரைப் புடிச்சு வைக்காதீங்க, விடுங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே இந்த மனுஷன்! பக்கத்துக் காட்டுக்காரர் போன வருஷ நிவாரணத்துல வண்டியே எடுத்துட்டார். எங்களுக்கும் பார்த்துப் போடுங்க சார்."

"முழுசா காஞ்சாத்தாம்மா முழுத்தொகை. சரி, நாலு வரிசைதானே, விடுங்க. கிணத்துல தண்ணி இருக்கா?"

"இருக்கு சார்," என்றான் புருஷன் வெள்ளந்தியாக. "மோட்டார்தான் எரிஞ்சுபோச்சு."

மனைவி அவனை முறைத்தாள்.

மோட்டார் மெக்கானிக்கான அவன் தம்பி முன்னால் வந்தான். "மோட்டார் காயில் எரிஞ்சு போயிடுச்சு சார். அண்ணன் தொட்டா ஷாக் அடிக்கும்னு நான்தான் ரூமைப் பூட்டி வச்சிருக்கேன்."

"தம்பி இல்லைன்னா நான் எப்பவோ இடிஞ்சு போயிருப்பேன் சார்," என்றான் அண்ணன். தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

"தண்ணி இருக்குன்னா, மோட்டாரைப் பார்க்காம நான் எழுத முடியாதே. திறங்க."

வேறு வழியில்லாமல் தம்பி பூட்டைத் திறந்தான். உள்ளே போன அதிகாரி மோட்டாரை முகர்ந்தார். சுவிட்ச் பெட்டியைத் திறந்தார். அவ்வளவுதான், முகம் சிவந்துவிட்டது.

"என்னய்யா விளையாடறீங்களா? எரிஞ்ச வாடையே இல்லை. ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி எடுத்திருக்கீங்க! வேணும்னே காயவிட்ட பயிருக்கு ஒரு பைசா கிடையாது!"

பயிரும் போச்சு, நிவாரணமும் போச்சு. அடுத்த விதைப்புக்கு இனி காட்டை விற்றால்தான் உண்டு. அதைவிட, கூடப் பிறந்தவனே குழி பறித்ததுதான் அண்ணனுக்கு நெஞ்சைப் பிளந்தது. தம்பியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"அடப்பாவி! உன்னைக் கண்ணை மூடிக்கிட்டு நம்புனேனேடா! நான் குடம் தூக்கித் தூக்கிச் செத்தப்போ, பார்த்துக்கிட்டுத்தானே நின்னே?"

பளாரென்று விழுந்தது அறை.

"விடாதீங்க! உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிட்டான் துரோகி!" என்று கத்தினாள் மனைவி.

கன்னத்தைப் பிடித்துக்கொண்ட தம்பி, அண்ணியையே கொஞ்ச நேரம் பார்த்தான். கண்ணில் நீர் முட்டியது.

"அண்ணே... அண்ணியை அந்த இடுப்பு முடிச்சை அவுக்கச் சொல்லு."