இறக்கைப் பொடி

வலையில் முதலில் விழுந்தது ஈ.

தறிக்கு மேலே, உத்திரத்துக்கும் ஜன்னலுக்கும் நடுவே இருந்தது அந்தச் சிலந்தி வலை. ஈக்கு உடம்பெல்லாம் முடி. முடிக்கு முடி பசை பிடித்துக்கொண்டது. துள்ளத் துள்ள இன்னும் மோசம்.

அடுத்து ஒரு கருவண்டு. வழவழப்பான முதுகு. கொஞ்ச நேரம் தொங்கிவிட்டு நழுவிப் போய்விட்டது, மகராசி.

நான் ஈ ஜாதி. கல்யாணம் ஆனதிலிருந்து துள்ளிக்கொண்டிருந்தவள்.

நேற்று என் புருஷன் ராஜவேலு பெல்ட்டால் அடித்துக்கொண்டே கழுத்தைப் பிடித்தான். தாலிச்சரடு அறுந்து அவன் கையோடு போனது. அவனே வைத்துக்கொள்ளட்டும் என்று மாகறலிலிருந்து பஸ் ஏறி அம்மா வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.

அம்மா என் வெறுங்கழுத்தைப் பார்த்தாள். சோறு போட்டாள். பெற்றவள் பெற்றவள்தான் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் பால் வாங்கப் போனவள் வெறும் தூக்கோடு வந்தாள். பால் தீர்ந்துவிட்டதாம். பிறகு தறியில் உட்கார்ந்து, விரலில் சாம்பலைத் தொட்டுத் தொட்டு, தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூலோடு புதுப் பாவு நூலை இழை இழையாக முறுக்கிப் பிணைக்க ஆரம்பித்தாள். சாம்பல் இருந்தால்தான் பட்டு விரலில் வழுக்காது. சம்பூர்ணம் பிணைத்தால் பிணைத்த இடமே தெரியாது என்று அம்மாவைப் பற்றிப் பிள்ளையார்பாளையம் முழுக்கச் சொல்வார்கள்.

அப்போதுதான் அந்துப்பூச்சி விழுந்தது.

படபடவென்று அடித்துக்கொண்டது. இறக்கைப் பொடி உதிர்ந்து பசையில் அப்பியது. வலை பிடித்தது பொடியைத்தான், பூச்சியை இல்லை. ஓர் இறக்கை வெளியே வந்துவிட்டது. போய்விடு, போய்விடு என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அம்மாவும் பார்த்துவிட்டாள். ஐயோ பாவம் என்று எழுந்து, அதே சாம்பல் விரல்களால் இறக்கையைப் பிடித்து இழுத்தாள்.

மிச்சப் பொடியெல்லாம் அவள் விரலோடு வந்தது. பூச்சி கை தவறி மறுபடி வலையில் விழுந்தது. மொட்டை இறக்கை அப்படியே ஒட்டிக்கொண்டது. அசையக்கூட முடியவில்லை. சிலந்தி இறங்கி வந்தது.

வாசலில் பைக் வந்து நின்றது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

"நான்தாம்மா பூத்துலேந்து போன் பண்ணேன்" என்றாள் அம்மா. "அறுந்துச்சுன்னு அப்படியே உட்டுற முடியுமா?"

உள்ளே வந்த ராஜவேலு சட்டைப்பையிலிருந்து சரடை எடுத்து நீட்டினான்.

அம்மா அதை வாங்கி, வெளிச்சம் பார்த்து உட்கார்ந்தாள். சாம்பலைத் தொட்டுக்கொண்டு, அறுந்த இரண்டு நுனிகளையும் சேர்த்து முறுக்க ஆரம்பித்தாள்.