பென்காவின் கடிதம்

பல்கேரியாவின் அந்தச் சிற்றூர்த் தபால் நிலையத்தில் ஸ்தோயன்கா கடித உறையைக் கெட்டில் ஆவியில் காட்டிப் பிரிப்பதைப் பார்த்து, புதிதாக மாற்றலாகி வந்த வெசெலா பதறினாள்.

"அடுத்தவங்க கடிதத்தப் படிக்கலாமாக்கா? மாட்டுனா வேலை போயிடும்!"

"போனாப் போகட்டும். பென்காவோட மருமகன் ஜெர்மனியில இருந்து எழுதியிருக்கான். பொண்ணு பொறந்திருக்காம்டி, மூணரைக் கிலோ!"

"அதுக்கு நீங்க ஏன் அழுறீங்க?"

ஸ்தோயன்கா கடைசி வரியைப் படித்தாள். 'அத்தை, எங்கள் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.'

உறையை ஒட்டி வைத்தாள். மதியம் வந்த பென்கா கடிதத்தை அங்கேயே பிரித்துப் படித்தாள்.

"ஏதாவது நல்ல சேதியா?" என்று கேட்டாள் ஸ்தோயன்கா.

பென்கா கடிதத்தை அவசரமாகக் கைப்பைக்குள் திணித்தாள்.

"ஒண்ணும் விசேஷமில்ல, சம்பந்தி."